முழங்காலுக்குக் கீழே ஒரு முழம்

 

நம் பேரவையைத் தொடங்கியவர்களில் மூத்தவர் தையற்கடை அய்யா. அவருடைய நினைவுப் பேருரையை இந்த ஆண்டு நிகழ்த்த வேண்டும் என்று கேட்டபோது, தலித் இலக்கியத்தின் இன்றைய போக்குகள் என்பதுபோல ஒரு தலைப்பை எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் துணியைப் பற்றிப் பேசப்போகிறோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் துணியோடு வாழ்ந்தவருக்கு அதுதான் பொருத்தம். 'நாங்கள்' என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. இந்த உரையில் உள்ள செய்திகளில் பல, எங்கள் காலனித் தெருப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னவை. மேடையில் நிற்பது ஒருவர் என்பதற்காக அதை ஒருவர் பெயரில் எழுதிக்கொள்ள மனம் வரவில்லை.

அய்யா அடிக்கடி சொல்வார்: "சட்டையில தைக்கச் சிரமமானது காலருதான். அதுக்காகத்தான் அடியும் வாங்குனேன்." நடந்தது 1960களில். பம்பாயில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்த நம் பையன் ஒருவன், அய்யா தைத்த முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊர்த்தெரு வழியாகப் போயிருக்கிறான். சட்டையைக் கிழித்து அனுப்பினார்கள். அத்தோடு விடவில்லை. மாலையில் கடைக்கு வந்து, "காலர் வச்சுத் தச்சவன் எவன்டா?" என்று கேட்டார்கள். அய்யா மிஷினை விட்டு எழுந்திருக்காமல், "நான்தாங்க. நீங்க போட்டிருக்கிறதும் நான் தச்சதுதான்" என்றாராம். அதன்பிறகு நடந்ததை அவர் ஒருபோதும் விரிவாகச் சொன்னதில்லை. மிஷின் உடைந்தது என்று மட்டும் சொல்வார். புது மிஷின் வாங்க இரண்டு வருடம் ஆயிற்று.

உடையின் வரலாறு என்று எழுதப்பட்ட நூல்களைப் புரட்டிப் பார்த்தால், யார் எதை உடுத்தினார்கள் என்பது அழகாக வரும். மொகஞ்சதாரோவில் வெள்ளிக் குடத்தோடு ஒட்டிக்கிடந்த, சாயம் ஏற்றிய பருத்தித் துணித்துண்டு வரும். கீழடியில் கிடைத்த தக்களிகள் வரும். சங்க இலக்கியத்தின் கலிங்கம், துகில், அறுவை, கச்சு எல்லாம் வரும். மதுரையில் துணி விற்ற ஒருவர், அறுவை வாணிகன் என்ற அடைமொழியோடு புலவர் வரிசையில் நிற்பது நமக்கும் மகிழ்ச்சிதான். முல்லைப்பாட்டில் யவனர் உடுத்திய தைத்த சட்டைக்கு 'மெய்ப்பை' என்று பெயர். உடம்புக்கு ஒரு பை. எவ்வளவு நல்ல சொல்! அதை விட்டுவிட்டுத்தான் நாம் சட்டை, ஷர்ட்டு என்று அலைகிறோம். ஆனால் யார் எதை உடுத்தக்கூடாது என்று இருந்தது, அதை யார் மீறினார்கள் என்ற பக்கங்கள் அந்த நூல்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. நம்முடைய உடை வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துணி இல்லாதவர்கள் துணி செய்யத் தெரியாதவர்கள் அல்ல. கோலியர் என்ற நெசவுப் பறையர்கள் தமிழ்நாட்டில் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். ஆந்திரத்தில் மாலாக்கள் முரட்டுத் துணி நெய்தவர்கள். குஜராத்தில் வணகர் என்ற பெயரே நெசவாளர் என்று பொருள்படும், அவர்கள் தீண்டப்படாதவர்கள். பஞ்சாபில் மேக் சமூகத்தாரும் நெசவாளர்களே. செருப்பு தைத்த அருந்ததியர்தான் ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள். நெய்தவனுக்கும் உடுத்துவதற்கும் நடுவில் சாதி நின்றது.

மனுவின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு உடை வகுக்கிறது. இறந்தவர்களின் துணியே அவர்கள் உடை, அணிகலன் இரும்பு. ஏட்டில் எழுதியதெல்லாம் நடந்ததா என்று கேட்பவர்கள் சுடுகாட்டுக்கு வந்து பார்க்கலாம். பிணத்தின் மேல் போர்த்திய கோடித்துணி யாருக்குப் போயிற்று என்று வெட்டியான் வேலை செய்த குடும்பங்களைக் கேளுங்கள். எங்கள் அப்பாயிக்குக் கல்யாணச் சேலைக்குப் பிறகு வந்த முதல் புதுச்சேலை அப்படி வந்ததுதான். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. "புதுசுதானே தம்பி, ஒரு நாளுகூட யாரும் கட்டாதது" என்று சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த எங்களால்தான் தாங்க முடியவில்லை.

உடை, செருப்பு, வீட்டுக்குச் சுண்ணாம்பு இவையெல்லாம் அரசன் கொடுக்கும் உரிமையாகவே இருந்தன. கொங்கு நாட்டுக் கம்மாளருக்கு இரட்டைச் சங்கு ஊதவும், வெளியே போகும்போது செருப்பு அணியவும், வீட்டுக்குச் சாந்து பூசவும் அனுமதி தந்த சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது. கைவினைஞர்களுக்கே செருப்புப் போடக் கல்லில் வெட்டி அனுமதி தர வேண்டியிருந்தது என்றால், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்களின் காலைப் பற்றி எந்தக் கல்லும் பேசவில்லை என்பதில் வியப்பென்ன?

தோள்சீலைப் போராட்டத்துக்கு வருவோம். இது நம் மேடைகளில் நிறையப் பேசப்பட்டது. ஆனாலும் ஒரு பாதிதான் பேசப்படுகிறது. திருவிதாங்கூரில் கீழ்ச்சாதி என்று சொல்லப்பட்டவர்கள் மேல்சாதியார் முன் மார்பை மூடக்கூடாது. கிறித்தவத்துக்கு மாறிய நாடார் பெண்கள் குப்பாயம் என்ற தைத்த மேலுடையை அணிந்துகொள்ளலாம் என்று கர்னல் மன்றோ காலத்தில் உத்தரவு வந்தது. அவர்கள் அதற்கு மேல் ஒரு சீலையையும் நாயர் பெண்களைப் போலத் தோளில் போட்டபோதுதான் அடிதடி தொடங்கியது. 1829 பிப்ரவரியில் வந்த அரசாணை, குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது என்றது. மீண்டும் 1858 இறுதியில் கலவரம். சந்தையில் பெண்களின் மேலாடைகள் உருவப்பட்டன. தேவாலயங்களும் பள்ளிகளும் எரிந்தன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் நெருக்கியபிறகு 1859 ஜூலை 26இல் மன்னர் உத்திரம் திருநாள் பிரகடனம் வெளியிட்டார்.

அந்தப் பிரகடனத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம். முரட்டுத் துணியை முக்குவப் பெண்கள் கட்டுவதுபோலக் கட்டிக்கொள்ளலாம். வேறு எந்த விதமாகவும் மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக்கூடாது. மானத்தை மூடுவதில் அரசுக்குத் தகராறு இல்லை, பாருங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இன்ன சாதி என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். நங்கேலி கதையை உணர்ச்சியோடு சொல்லும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அது சேர்த்தலை வட்டாரத்தின் வாய்மொழிக் கதை, அதற்குரிய மரியாதை அதற்கு உண்டு. ஆனால் அதை ஆவணம்போல் நீட்டினால் எதிரி அதைப் பிடித்துக்கொள்வான். நீட்டுவதற்கு 1829, 1859 பிரகடனங்கள் இருக்கின்றன. அவை அரசன் பெயரிலேயே வந்தவை.

மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண் நாகர்கோவிலில் நடத்திய லேஸ் பின்னும் பள்ளியையும் இதே மூச்சில் சொல்ல வேண்டும். அங்கே பின்னிய லேஸ் விற்ற காசில் அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கியிருக்கிறார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். ஐரோப்பியச் சீமாட்டிகளின் கழுத்துப்பட்டியில் தைக்கப்பட்ட அந்தப் பூவேலைக்குப் பின்னால் இப்படியும் ஒரு கணக்கு.

பேசப்படாத பாதி இதுதான்: இந்தப் பிரகடனங்கள் புலையரையும் பறையரையும் பற்றியவை அல்ல. அவர்கள் பங்குக்கு அவர்களே எழ வேண்டியிருந்தது. 1893இல் அய்யன்காளி வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக வில்வண்டியில் ஏறி, நுழையக்கூடாத சாலையில் ஓட்டினார். வண்டிக்காக மட்டுமல்ல, வெள்ளைத் துணிக்காகவும்தான் அவரை மறித்தார்கள். 1915இல் கொல்லத்துக்கு அருகே பெரிநாட்டில், புலையர் பெண்கள் சாதி அடையாளமாகக் கழுத்தில் சுமந்த கல்லுமாலையைக் கழற்றியெறிவது என்று முடிவானது. அக்டோபரில் கூட்டம் தாக்கப்பட்டது, குடிசைகள் எரிந்தன, மக்கள் காட்டுக்குள் ஓடினார்கள். டிசம்பரில் அய்யன்காளி கொல்லம் நகரிலேயே கூட்டம் கூட்டினார். சங்கனாச்சேரி பரமேஸ்வரன் பிள்ளை என்ற நாயர் தலைவர் தலைமை தாங்கினார். அங்கே மேடையில் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கல்லுமாலையை அறுத்துப் போட்டார்கள். குவியல் உயர்ந்தது.

இனி நம் மாவட்டங்களுக்கு வருவோம். 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன், இந்தியச் சாதிமுறை பற்றிய தன் நூலில் அவற்றை வரிசையாகத் தந்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கிராப் வெட்டக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மூடக்கூடாது. பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடு கொள்ளை போயிற்று. அடுத்த ஆண்டு ஜூனில் எட்டு பதினொன்றாயிற்று.

இது மனு காலம் அல்ல. லண்டனில் வட்டமேசை மாநாடு நடந்த மாதங்கள். அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் கோட்டு அணிந்து அந்த மேசையில் அமர்ந்திருந்தபோது, இராமநாதபுரத்தில் பனியன் போட்டவனின் குடிசை எரிந்தது. எங்களுக்கு இந்தப் பட்டியலில் மற்றதைவிட முழங்கால் கணக்குதான் உறைக்கிறது. முழங்காலுக்குக் கீழே ஒரு முழம் துணி. அதை விடக்கூடாது என்பதற்கு எத்தனை பேர் ஊர்க்கூட்டம் போட்டு உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்!

எங்களுக்கு முதுகலை வகுப்பில் சமூகவியல் சொல்லிக்கொடுத்தவர்கள் இதையெல்லாம் ஒரே சொல்லில் முடித்தார்கள்: சமஸ்கிருதமயமாக்கல். எம்.என். சீனிவாஸ் 1952இல் குடகு பற்றிய நூலில் விளக்கிய கருத்து. கீழ்ச்சாதிகள் மேல்சாதிகளின் பழக்கங்களைப் பார்த்துப் பின்பற்றி உயர முயல்கின்றன என்பது அதன் சாரம். தேர்வில் அப்படியே எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். ஆனால் அப்பாயியின் திண்ணைக்கு வந்தால் அந்தச் சொல் நிற்கவில்லை. பார்த்துப் பின்பற்றுவது மட்டும்தான் இது என்றால், பார்க்கப்பட்டவன் பெருமைப்பட்டிருக்க வேண்டும். குடிசைக்குத் தீ வைத்திருக்கமாட்டான். பெரிநாட்டுப் பெண்கள் கல்லுமாலையை அறுத்துவிட்டுத் தங்க மாலையா கேட்டார்கள்? கழுத்தில் கிடந்த குறியை எடுத்தார்கள். 1927 டிசம்பர் இறுதியில் மகாடில், மனுஸ்மிருதி எரிக்கப்பட்ட அதே மாநாட்டில், அம்பேத்கர் பெண்களிடம் பேசினார். சேலையை முழங்காலுக்கு மேல் செருகாமல் கணுக்கால்வரை இறக்கிக் கட்டச் சொன்னார். தீண்டாமையின் அடையாளமாகக் கையிலும் காலிலும் சுமந்த கனத்த நகைகளைக் கழற்றச் சொன்னார். மறுநாளே பெண்கள் சேலைக்கட்டை மாற்றினார்கள். துணியைக் கூட்டச் சொன்னவர் நகையைக் குறைக்கவும் சொன்னார். யாரைப் போலவும் ஆகச் சொன்னதாக எங்களுக்குத் தோன்றவில்லை. பார்த்தவுடன் கண்டுபிடிக்க முடியாதபடி ஆகச் சொன்னார்.

இதே விதிகளைக் கடலுக்கு அப்பாலும் பார்க்கிறோம். தென் கரோலினாவில் 1735ஆம் ஆண்டின் அடிமைச் சட்டம், கறுப்பர்களுக்கு மலிவான முரட்டுத் துணி வகைகளைப் பட்டியலிட்டது. அதைவிட உயர்ந்த துணி உடுத்தியிருந்தால் காவலர் பறித்துக்கொள்ளலாம். நியூ ஆர்லியன்ஸில் 1786இல் ஆளுநர் மீரோ, கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மூட வேண்டும் என்று கட்டளையிட்டார். அவர்கள் தலையலங்காரம் வெள்ளைச் சீமாட்டிகளுக்குப் பொறுக்கவில்லை. பெண்கள் கட்டளைக்குப் பணிந்தார்கள். பணிந்த விதம் இருக்கிறதே, பளிச்சென்ற வண்ணக் கட்டத் துணிகளை எடுத்து, உயரமாக, முடிச்சுக்கு மேல் முடிச்சு வைத்துக் கட்டினார்கள். கடைசியில் அதுவே எல்லோரும் விரும்பும் நாகரிகமாயிற்று. அப்படிக் கட்டிய துணிகளில் ஒன்றுக்குப் பெயர் 'மெட்ராஸ்'. நம் சோழமண்டலக் கரையில் நெய்து கப்பலேறிய துணி. அதே கரையின் துணிதான் ஆப்பிரிக்காவில் மனிதர்களை விலைக்கு வாங்கவும் கொடுக்கப்பட்டது. புதுச்சேரியில் அவுரி தோய்த்த நீலத் துணி செனகலில் பணம்போலவே புழங்கியது. அந்தத் தறிகளில் உட்கார்ந்தவர்களில் நம் ஆட்களும் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது, பெருமைப்படுவதா குறுகுவதா என்று தெரியாமல் போகிறது.

அம்பேத்கரின் கோட்டைப் பற்றிப் பேசாமல் இந்த உரையை முடிக்க முடியாது. 1921 செப்டம்பர் 22இல் காந்தி மதுரையில் சட்டையையும் நீள வேட்டியையும் விட்டு முழத்துண்டுக்கு மாறினார். நாடே கும்பிட்டது. அதே மதுரைக்குப் பக்கத்து மாவட்டத்தில் பத்தாண்டு கழித்து நம் ஆட்கள் முழத்துண்டிலேயே இருக்க வேண்டும் என்று ஊர் கூடி விதித்தது. இரண்டும் ஒரே அளவுத் துணி. ஒருவர் கழற்றியது, மற்றவர்களுக்குத் தரப்படாதது. அம்பேத்கரின் கோட்டை வெள்ளைக்காரன் வேஷம் என்று இன்றும் எழுதுகிறார்கள். வீட்டில் அவர் லுங்கி கட்டியவர்தான். கோட்டு ஊருக்குள் நடக்கும்போது. அதுவும் எப்போதும் காப்பாற்றவில்லை. 1917இல் கொலம்பியாவில் படித்துத் திரும்பிப் பரோடாவில் வேலை ஏற்றவர், பார்சி விடுதியில் தங்கிய பதினோராம் நாள் தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். உடை மாறினால் சாதி போய்விடும் என்று நாம் யாரும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் அவர் வெள்ளைப் பட்டு வேட்டியும் வெள்ளைக் கோட்டும் அணிந்து வந்தார். திரண்டு வந்த மக்களும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். வெள்ளைச் சேலை வாங்குவதற்காகக் கையிலிருந்த நகையை விற்றுவிட்டு வந்த பெண்கள் இருந்தார்கள். பொது விழாவுக்குப் புதுத்துணி எடுப்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு அன்றுதான் தெரிந்திருக்கும்.

இது பழைய கதை இல்லை என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். 2012இல் நம் இளைஞர்களின் ஜீன்ஸையும் டீ சர்ட்டையும் கூலிங் கிளாஸையும் குற்றப்பத்திரிகைபோல் மேடைமேடையாக வாசித்தார்கள். அந்த நவம்பர் 7இல் தருமபுரி நத்தம் காலனியிலும் அடுத்த இரண்டு ஊர்களிலும் 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. 1930இன் பட்டியலில் பனியன் இருந்த இடத்தில் ஜீன்ஸ் வந்து உட்கார்ந்திருக்கிறது.

நம் பக்கத்தையும் பேசிவிடுவோம். அய்யா இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டார். நம் தெருப் பெண்பிள்ளை லெக்கின்ஸ் போட்டால் இளைஞர் மன்றத்துப் பையன்கள் வழிமறித்துக் கேட்கிறார்கள். நைட்டிக்கு மேல் துண்டு போடாமல் தண்ணீர்க் குழாய்க்கு வந்த மருமகளைப் பற்றிப் பஞ்சாயத்து நடந்தது. அம்பேத்கர் படம் போட்ட டீ சர்ட்டோடு அந்தப் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். முழங்கால் கணக்குப் பார்ப்பது யார் பழக்கம்?

கடைசியாக, பேரவைக்குள் நடக்கும் தகராறு. போன ஆண்டு நம் இரவுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று நகரத்து நண்பர்கள் பழைய துணி மூட்டைகள் அனுப்பினார்கள். நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். வாங்கிக் கொடுப்போம் என்றார்கள் பாதித் தோழர்கள். குளிரில் பிள்ளைகள் நடுங்கும்போது கொள்கை பேசக்கூடாது என்றார்கள். அந்த வாதத்தை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டிலும் பண்ணைவீட்டுப் பழந்துணி போட்டு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பள்ளியில் ஒரு நாள், "இது என் அண்ணன் சட்டைடா, பாக்கெட்டுல மசி இருக்கும் பாரு" என்று வகுப்பின் நடுவில் ஒருவன் கத்தினான். மசி இருந்தது. அந்தச் சட்டையை அப்புறமும் ஒரு வருடம் போட்டோம், வேறு இல்லை.

அதனால் எங்கள் கோரிக்கை இது. அந்த மூட்டைகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அனுப்பியவர்கள் மனம் புண்படும். அவற்றை விற்றுவிடுவோம். அந்தக் காசோடு நாம் எல்லோரும் சேர்ந்து போட்டு, புதுத்துணி எடுத்து, பிள்ளைகளை நிற்கவைத்து அளவெடுத்துத் தைப்போம். அய்யாவின் மிஷின் இன்னும் ஓடுகிறது. அவர் மகள் தைக்கத் தயார் என்று சொல்லியிருக்கிறார். பொதுக்குழு அடுத்த ஞாயிறு கூடுகிறது. எதிர்ப்பவர்கள் அங்கே எங்களோடு சண்டை போடலாம்.

அய்யாவின் அளவு நோட்டுகளில் மூன்று கிடைத்திருக்கின்றன. முதல் நோட்டில் முதல் நாற்பது பக்கமும் ரவிக்கை அளவுதான். நம் தெருப் பெண்களின் பெயர், பக்கத்தில் மார்பு, கை, உயரம். சில பெயர்களுக்கு எதிரே 'முதல் தடவை' என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். பதினேழாம் பக்கத்தில் எங்கள் அப்பாயி இருக்கிறாள். கூலி என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறது. கொடுத்தாளா கொடுக்கவில்லையா என்று அவளுக்கும் நினைவில்லை. நோட்டுகளை மண்டபத்தின் பின்பக்க மேசையில் வைத்திருக்கிறோம். தேநீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள். தாள் நைந்துபோயிருக்கிறது, மெதுவாகப் புரட்டுங்கள்.